லாரியின் யூரியா டேங்கை வடிப்பது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு

டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று இருக்குமே, அதைத்தான் இங்கே காலி செய்யப் போகிறோம். டெஃப், ஆட்ப்ளூ என்ற பெயர்களில் விற்கும் அந்தத் திரவத்தைப் பல டிரைவர்கள் யூரியா என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தாதுக்கள் நீக்கிய தண்ணீர். இது எஞ்சினுக்குள் போவதில்லை. சைலன்சர் குழாயில் சூடான புகையின் மேல் தெளித்ததும் அமோனியாவாக மாறுகிறது. அந்த அமோனியா, அடுத்துள்ள வினையூக்கியில் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது.

டேங்கை வடிப்பது கஷ்டமான வேலை இல்லை. ஒரு பிளக்கைக் கழற்றினால் தானாக வடியும். இதில் உண்மையான வேலை சுத்தம்தான். கொஞ்சம் அழுக்கோ, எண்ணெய்ப் பிசுக்கோ, குழாய்த் தண்ணீரோ உள்ளே போனால், டேங்கை விடப் பல மடங்கு விலையுள்ள பம்பும் வினையூக்கியும் கெட்டுப்போகும்.

முதலில், எதற்காக வடிக்கிறீர்கள்?

வண்டி பல மாதம் ஓடாமல் நின்று யூரியா பழசாகியிருந்தால் தாராளமாக நீங்களே வடிக்கலாம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் யூரியா சுமார் 12 மாதம் தாங்கும், 35 டிகிரியில் சுமார் 6 மாதம்தான். தண்ணீர் கலந்துவிட்டது, மட்டமான யூரியா ஊற்றிவிட்டார்கள் என்றாலும் இதே முறைதான்.

டீசல் ஊற்றிவிட்டார்கள் என்றால் கதை வேறு. சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். இந்த டேங்க், பம்ப், குழாய்களில் இருக்கும் ரப்பர் சீல்கள் டீசல் பட்டால் உப்பிவிடும். டேங்கை வடித்துக் கழுவிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டீசல் பம்ப் வரை போயிருந்தால் பாகங்களையே மாற்ற வேண்டி வரும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போவதுதான் சரி. சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. டீசல் யூரியாவை விட லேசானது, மேலே மிதக்கும். டேங்கின் மேல்மட்டத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் விட்டுப் பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலமோ வானவில் நிறமோ தெரிந்தால் டீசல்தான்.

எடுத்து வைக்க வேண்டியவை

கையுறை, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, பிளக்குக்குப் பொருந்தும் ஸ்பேனர், புது வாஷர் அல்லது ஓ-ரிங், டேங்கின் கொள்ளளவை விடப் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, பஞ்சு பிரியாத துணி, டிஸ்டில்டு வாட்டர், சீல் உடைக்காத புது யூரியா கேன். தொட்டி, புனல், கைப்பம்ப் எதுவும் இதற்கு முன் ஆயிலோ டீசலோ தொட்டதாக இருக்கக் கூடாது. செம்பு, பித்தளை, அலுமினியம், துத்தநாகம் பூசிய தகரம் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். யூரியா இவற்றை அரிக்கும், அரித்த உலோகம் யூரியாவோடு கலந்துவிடும்.

படி 1: நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சினை அணைத்ததும் ஒரு பம்ப் சத்தம் கேட்கும். குழாய்களில் மிச்சமிருக்கும் யூரியாவை அது டேங்குக்கே திரும்ப இழுக்கிறது. அந்தச் சத்தம் அடங்கும் முன் பேட்டரி ஸ்விட்சை அணைத்தால், குழாயில் நின்ற யூரியா காய்ந்து வெள்ளைக் கல்லாகி அடைத்துக்கொள்ளும். சில லாரிகளில் இதற்கென்றே ஒரு விளக்கு எரியும், அது அணையும் வரை பொறுங்கள். எஞ்சின் ஆறட்டும். டேங்குக்கு வரும் தடித்த குழாய்களில் யூரியாவைச் சூடாக்கும் கூலண்ட் ஓடுகிறது. அவற்றைத் தொடவே வேண்டியதில்லை.

படி 2: வெளியே கழுவுங்கள்

நீல மூடியைச் சுற்றியும் அடியில் இருக்கும் டிரைன் பிளக்கைச் சுற்றியும் மண், சேறு, வெள்ளைப் படிவு இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் படிவு கரைந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள். கழுவிய இடத்தை நன்றாகத் துடைத்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

படி 3: வடியுங்கள்

தொட்டியை அடியில் வைத்து, மேல் மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். காற்று உள்ளே போனால் ஓட்டம் சீராக இருக்கும். பிளக்கை ஸ்பேனரால் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளைக் கையால் கழற்றுங்கள். டேங்க் பிளாஸ்டிக் என்றால் மரை சீக்கிரம் தேயும், பலத்தைக் காட்ட வேண்டாம்.

எல்லா டேங்கிலும் பிளக் இருக்காது. இல்லையென்றால் மேல்வாய் வழியாகக் குழாய் விட்டுக் கைப்பம்பால் உறிஞ்சலாம். வாயால் உறிஞ்சவே கூடாது. டேங்கின் மேல்வாயில் சல்லடை இருந்து குழாய் இறங்கவில்லையா? அப்போது டேங்கின் மேலுள்ள சென்சார் யூனிட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். முதல் முறை செய்பவர் அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

வடிந்ததைக் கவனித்துப் பாருங்கள். நல்ல யூரியா நிறமில்லாமல் தெளிவாக இருக்கும், லேசான அமோனியா வாடை வரலாம். கலங்கலோ மணல்போன்ற படிவோ இருந்தால் ஃபில்டரும் அடைத்திருக்க வாய்ப்பு உண்டு, அதையும் மாற்றிவிடுங்கள்.

படி 4: அலசுங்கள்

பிளக்கைக் கையால் மாட்டி, சில லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மறுபடி வடியுங்கள். படிவு வந்தால் இன்னொரு முறையும் செய்யுங்கள். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கால்சியம், சோடியம் போன்றவை வினையூக்கியில் படிந்து அதன் வேலையைக் கெடுக்கும். சோப்பு, தின்னர், பெட்ரோல் எதுவும் கூடாது. கடைசி அலசலைப் புது யூரியாவிலேயே செய்தால் நல்லது, ஏனென்றால் அடியில் தங்கும் தண்ணீர் புதிதாக ஊற்றுவதை நீர்த்துப்போகச் செய்யும். காசைப் பார்த்து இதை விட்டுவிடாதீர்கள்.

படி 5: மூடி, நிரப்புங்கள்

புது வாஷரோடு பிளக்கைக் கையால் திருகி, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். கேனில் ஐஎஸ்ஓ 22241 (இந்த யூரியாவுக்கான சர்வதேசத் தர எண்) என்று போட்டிருக்கிறதா, தேதி கடக்கவில்லையா என்று பார்த்து ஊற்றுங்கள். விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். யூரியா மைனஸ் 11 டிகிரியில் உறையும், உறையும்போது சுமார் 7 சதவீதம் விரியும். யூரியா எத்தனை சதவீதம் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி கையில் இருந்தால், டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். 31.8 முதல் 33.2 சதவீதத்துக்குள் இருந்தால் சரி.

வண்டியின் மேலும் வயர் கனெக்டர்களிலும் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கனெக்டருக்குள் யூரியா ஊறிப்போனால் பின்கள் அரித்துவிடும். கையில் பட்டாலும் கழுவினால் போதும், கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

வடித்ததைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள். சாக்கடையிலோ குளத்திலோ விடவும் கூடாது, யூரியாவிலிருந்து உண்டாகும் அமோனியா மீன்களைக் கொல்லும். கேனில் அடைத்து, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கேளுங்கள். டீசல் கலந்ததென்றால் அதை முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.

படி 6: ஸ்டார்ட் செய்து பாருங்கள்

எஞ்சின் ஓடும்போது பிளக்கில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை விளக்கு உடனே அணையவில்லை என்றால் பதற வேண்டாம். புது யூரியாவின் அளவையும் தரத்தையும் சென்சார்கள் படித்துக்கொள்ளக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அப்புறமும் விளக்கு எரிந்தாலோ இழுவை குறைவாகவே இருந்தாலோ ஸ்கேனரில் பிழைக் குறியீட்டைப் படித்து அழிக்க வேண்டியிருக்கும். மறுநாள் காலையில் பிளக்கைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் மெதுவாகக் கசிகிறது என்று பொருள், வாஷரை மாற்றிவிடுங்கள்.