நோன்யா சமையல் பழகுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

குடியேறிய வணிகர்கள் உள்ளூர் மக்களோடு கலந்து உருவான சமூகத்தவர் பெரானாக்கான்கள்; அவர்களில் சீன வழிவந்தவர்களின் சமையல்தான் நோன்யா. சிங்கப்பூரிலோ மலாக்காவிலோ பெரானாக்கான் வீட்டு விருந்து சாப்பிட்டவர்கள் பலரும் ஒரே ஆசையோடுதான் எழுந்திருப்பார்கள்: அந்த ஆயாம் புவா கெலுவாக்கை, அதாவது புவா கெலுவாக் கொட்டை போட்ட கோழிக் குழம்பை, நாமும் ஒருமுறை சமைத்துவிட வேண்டும். முதல் தவறு அதுதான். கடைசியில் கற்க வேண்டியதை முதலில் கையில் எடுக்காதீர்கள். தொடங்குவதற்கு ஆயாம் போங்தே எனும் கோழிக் குழம்பு போதும். சின்ன வெங்காயம், பூண்டை இடித்து வதக்கி, தௌச்சியோ எனும் புளிக்கவைத்த சோயா அவரை, குலா மலாக்கா கருப்பட்டி, கோழி, உருளைக்கிழங்கு, காளான் சேர்த்து வேகவிட வேண்டும், அவ்வளவுதான். காரமும் இல்லை, தேங்காய்ப்பாலும் இல்லை. இதை வழக்கமாகக் கெடுப்பது உப்பு. தௌச்சியோவிலேயே உப்பு நிறைய உண்டு. குழம்பு சுண்டச் சுண்ட அது தூக்கலாகும். இறக்கும் நேரத்தில் ருசி பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள். மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

அடுத்தது ரெம்பா, அதாவது அரைத்த மசாலா. அம்மியும் மிக்ஸியும் பழகிய நமக்கு இதில் கொஞ்சம் அலட்சியம் வரும். எல்லாவற்றையும் மொத்தமாக மிக்ஸியில் போட்டு, சுற்றவில்லை என்று அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போச்சு. அந்தத் தண்ணீர் வற்றும்வரை மசாலா வேகுமே தவிர வதங்காது. கல்லில் இடிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நார் உள்ளவை முதலில்: மெல்லிசாக நறுக்கிய செராய் (எலுமிச்சைப்புல்), லெங்குவாஸ் (பேரரத்தை). பிறகு புவா கெராஸ் (கேண்டில்நட்) கொட்டை, பச்சை மஞ்சள், ஊறவைத்த வற்றல் மிளகாய், பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது). நீர் விடுகிற சின்ன வெங்காயம் கடைசி. மிக்ஸிதான் என்றால் தண்ணீருக்குப் பதில் வதக்க எடுத்துவைத்த எண்ணெயில் கொஞ்சம் ஊற்றுங்கள்.

வதக்கும்போது எண்ணெயில் சிக்கனம் பார்க்கக் கூடாது, தீயையும் கூட்டக் கூடாது. முதலில் பச்சை வெங்காய நெடி கண்ணைக் கரிக்கும், விழுது தளதளவென்று கொப்பளிக்கும். பொறுமையாகக் கிளறினால் 15, 20 நிமிடத்தில் நெடி அடங்கி, நிறம் செங்கல்போல் இருண்டு, ஓரத்தில் எண்ணெய் பிரியும். அதற்கு முன்னால் தேங்காய்ப்பாலை ஊற்றினால் பச்சை வாடை கடைசிவரை போகாது. கெட்டிப்பால் இறுதியில்தான், தளதளக்கக் கொதிக்கவிடாமல். இது நமக்குத் தெரிந்த சங்கதி.

தெரிந்த சங்கதிகளே வேறு இடங்களில் காலை வாரும். லெங்குவாஸ் இல்லையென்று இஞ்சி, அசாம் கெப்பிங் எனும் உலர்ந்த புளிப்புப் பழத் துண்டுக்குப் பதில் நம் புளி, முடிவில் கைப்பழக்கத்தில் ஒரு கடுகு தாளிப்பு! ருசியாகக்கூட இருக்கலாம், ஆனால் அது நோன்யா சமையல் அல்ல. தமிழ் வேரோடு வேண்டுமென்றால் மலாக்கா காஜா பெராங்கில் வாழும் செட்டிகளின் சமையல் இருக்கிறது. தமிழ் வணிகர் வழிவந்த அவர்களும் பெரானாக்கான்களே. புவா கெராஸ் கிடைக்காவிட்டால் மட்டும் முந்திரி வைத்துச் சமாளிக்கலாம். கிடைத்தால் அந்தக் கொட்டையைப் பச்சையாக வாயில் போட்டுப் பார்க்காதீர்கள், வயிற்றைப் புரட்டிவிடும்.

ஊரையும் கலக்க வேண்டாம். லக்சா என்பது சாறு ஊற்றிய நூடுல்ஸ். பினாங்கு அசாம் லக்சாவுக்கு மீன் போட்ட புளிப்புச் சாறு, தேங்காய்ப்பால் சேராது. தெற்கே மலாக்கா, சிங்கப்பூர் நோன்யா லக்சாவுக்குத் தேங்காய்ப்பால்தான் உயிர். இரண்டு குறிப்புகளை ஒட்டுப்போட்டால் இரண்டும் கெடும்.

இனி புவா கெலுவாக். இந்தக் கொட்டை பச்சையாக இருக்கும்போது சயனைடு நஞ்சு கொண்டது. வேகவைத்து, சாம்பலும் மண்ணும் மூடிப் பல வாரம் புதைத்துப் பக்குவப்படுத்திய பிறகே விற்பனைக்கு வருகிறது. மரத்திலிருந்து விழுந்த கொட்டையை எடுத்து வீட்டில் பரிசோதனை செய்வது உயிரோடு விளையாடுவது. கடையில் வாங்கியதையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மூன்று நாளாவது தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். பிறகு ஓட்டில் மழமழப்பான உதடுபோன்ற இடத்தில் தட்டித் திறந்து, கரிய சதையைத் தோண்டி எடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் தோண்டியதையெல்லாம் ஒரே கிண்ணத்தில் கொட்டுவார்கள். அதில் ஒன்றே ஒன்று பூஞ்சை வாடை அடித்தாலும் மொத்தமும் கசந்துவிடும். ஒவ்வொன்றையும் தனியே முகர்ந்து, நல்லதை மட்டும் சேருங்கள். சில கொட்டைகள் வீணாகும் என்று எண்ணிக் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல சதையை உப்பு, சர்க்கரை, கொத்திய இறாலோ இறைச்சியோ சேர்த்து இடித்து, திரும்ப ஓட்டுக்குள் அடைத்துக் குழம்பில் போட வேண்டும்.

குடும்பக் குறிப்பேடு கையில் கிடைத்தவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. பழைய குறிப்புகளில் காத்தி, தாகில் என்று எடை இருக்கும். காத்தியை அரைக் கிலோ என்று தோராயமாகப் போட்டுக்கொள்கிறார்கள். 1 காத்தி 600 கிராமுக்குச் சற்று மேல்; 16 தாகில் சேர்ந்தது 1 காத்தி, ஆக 1 தாகில் சுமார் 38 கிராம். 'ஒரு கிண்ணம்' என்றிருந்தால் அது எந்தக் கிண்ணம் என்று அந்த வீட்டிலேயே கேட்டு அளந்துகொள்ளுங்கள். எழுதியே வைக்காத பாட்டியிடம் அளவு கேட்டுப் பயனில்லை. கண்ணளவு என்றுதான் பதில் வரும். அவர் சமைக்கத் தொடங்குமுன் பொருள்களை நிறுத்து வையுங்கள், முடிந்தபின் மிச்சத்தை நிறுத்துக் கழியுங்கள். பக்கத்தில் நின்று "எவ்வளவு, எவ்வளவு" என்று கேட்டால் அவர் கையும் தடுமாறும்.