ஆர்எக்ஸ்-7க்கு ஒற்றை டர்போ

என் கார் மஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி. எஞ்சின் 4,500 ஆர்பிஎம் தாண்டும்போது பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், சட்டென்று விழுந்துகொண்டிருந்தது. இந்த வண்டியில் இரண்டு டர்போ; இரண்டாவது சேர்ந்துகொள்ள வேண்டிய இடம் அது. அதை இயக்கும் வேக்குவம் குழாய்கள் சூட்டில் காய்ந்து, விரலால் வளைத்தாலே பொடிந்தன. குழாய்களை மட்டும் மாற்றியிருக்கலாம். எனக்கு அந்த இடியாப்பச் சிக்கலே வேண்டாமென்று தோன்றியது.

இரண்டுக்கும் பதிலாக ஒற்றை டர்போ தேடும்போது, எஞ்சின் புகை சுழற்றும் டர்பைன் பக்கத்தைத்தான் அதிகம் பார்த்தேன். எஞ்சின் 1.3 லிட்டர்தானே என்று சின்னதாகப் பொருத்தக் கூடாது. இது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின்; தள்ளும் புகையும் அதிகம், சூடும் அதிகம். புகை போகும் வழி குறுகினால் பின்னழுத்தம் ஏறும், நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வரும், ரோட்டர் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் போய்விடும். அதனால் ஏ/ஆர் (புகை வழி எவ்வளவு பெரிது என்று காட்டும் எண்) 1.0க்கு மேலான டர்பைன் ஹவுசிங், மிஞ்சும் புகையை டர்பைனுக்குள் விடாமல் திருப்பிவிடும் பெரிய வேஸ்ட்கேட் வால்வு. அப்புறம் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் டியூனிங். அது முடியாமல் வண்டியை விரட்டவே கூடாது. இப்போது பூஸ்ட் கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது, ஆனால் நடுவில் விழுவதில்லை.