கிராஃபிங் கால்குலேட்டர்: முதலில் பட்டன்களோடு பழகுங்கள்

வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்ததோ, பர்மா பஜார் பக்கம் செகண்ட் ஹேண்டில் வாங்கியதோ, ஒரு டிஐ-84 பிளஸ், அதாவது வரைபடம் போட்டுக் காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர், கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம்மூர் பரீட்சை ஹாலுக்குள் இதை விடமாட்டார்கள். வீட்டில் கணக்குப் படிக்கவும் புரோகிராமிங் பழகவும் அருமையான சாமான். உள்ளே நான்கு டிரிபிள்-ஏ பேட்டரி போடுங்கள்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். நீலப் பட்டன் செகண்ட், பச்சை ஆல்ஃபா. ஒவ்வொரு பட்டனுக்கும் மேலே நீலத்திலும் பச்சையிலும் எழுதியிருப்பதை இவைதான் எழுப்பும். சேர்த்துப் பிடிக்க வேண்டாம். ஒன்றை அழுத்திவிட்டு அடுத்ததை அழுத்தினால் போதும். திரை மங்கலாக இருந்தால் செகண்ட், பிறகு மேல் அம்புக்குறி. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் செகண்ட், மோடு: வெளியே வந்துவிடலாம்.

அடுத்தது மைனஸ். இங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் மைனஸ் இரண்டு இருக்கிறது. பிளஸுக்கு மேலே இருப்பது கழிப்பதற்கு. என்டருக்கு இடப்பக்கம் அடைப்புக்குறிக்குள் இருப்பது எதிர்ம எண்ணுக்கு. 5-ஐ -3-ஆல் பெருக்கும்போது கழித்தல் பட்டனைத் தட்டினால் சின்டாக்ஸ் எரர், அதாவது எழுதிய முறை தப்பு என்ற அறிவிப்பு, வரும். வெற்றுத் திரையில் அதை முதலில் தட்டினாலோ, பழைய விடையிலிருந்து கழிக்கத் தொடங்கிவிடும். வடிவமைத்தவர்கள் இரண்டையும் இன்னும் கொஞ்சம் வித்தியாசமாகக் காட்டியிருக்கலாம்!

சரி, ஒரு புரோகிராம் எழுதுவோம். காசிமேட்டில் மீன் வாங்கும்போது, வாங்கிய கிராமுக்கு மொத்தம் எவ்வளவு ரூபாய் என்று பார்க்க உதவும்.

1. புரோகிராம் பட்டன், வலது அம்புக்குறி இரண்டு முறை, என்டர்.

2. பெயர் கேட்கும். எழுத்துப் பூட்டு தானாகவே விழுந்திருக்கும், அதனால் ஆல்ஃபா வேண்டாம். எழுத்துகள் கம்ப்யூட்டர் கீபோர்டு மாதிரி இல்லை, அகரவரிசையில் இருக்கும். 'எம்' வகுத்தல் பட்டனில், 'இ' சைனில், 'என்' லாகில். 'மீன்' என்பதற்கு எம், இ, இ, என் அடித்து என்டர்.

3. மறுபடி புரோகிராம் பட்டன், வலது அம்புக்குறி ஒருமுறை, 2. 'பிராம்ப்ட்' என்று வரும்; நம்மிடம் எண்களைக் கேட்கும் கட்டளை இது. அதன் பின் ஏ, கமா, பி போட்டு என்டர். இந்தக் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்கவே கூடாது. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் மெனுவிலிருந்து எடுத்தால்தான் கருவி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

4. அதே வழியில் போய் 3. விடையைத் திரையில் காட்டும் 'டிஸ்ப்' வரும். பின்னால் ஏ×பி÷1000. ஏ என்பது கிராம், பி என்பது கிலோ விலை.

5. செகண்ட், மோடு. பிறகு புரோகிராம் பட்டன், பெயரைத் தேர்ந்தெடுத்து என்டர், இன்னொரு என்டர். 650 கிராம், கிலோ 480 ரூபாய் என்று கொடுத்தால் 312 காட்டும்.

எரர் திரை வந்து 'கோட்டு' (Goto) என்ற வரி இருந்தால் 2-ஐ அழுத்துங்கள். கர்சர் நேராகத் தப்பு நடந்த இடத்தில் போய் நிற்கும்.