பள்ளியில் நாடகம்: நானூறு பேரைக் கூட்டாதீர்கள், இன்னும் சில

பள்ளிகளுக்கு நாடகமும் பட்டறையும் கொண்டுபோகப் புதுப்புதுக் குழுக்கள் கிளம்புகின்றன. ஆள் புதிது, உற்சாகம் புதிது. விழும் குழி மட்டும் பழையதுதான். தாமதமாகப் போவது, ஒத்திகை போதாமை, சாமான்களை மறந்துவிட்டு வருவது ஆகியவற்றை யாரும் சொல்லித்தர வேண்டாம், முதல் நிகழ்ச்சியே கற்றுக்கொடுத்துவிடும். தவறு என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் தொடர்பவை வேறு.

"எல்லாப் பிள்ளைகளும் பார்க்கட்டுமே"

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீராத தவறு இது.

ஒரு வகுப்பை, அதாவது முப்பது நாற்பது பேரை மனதில் வைத்து ஒரு குழு பங்கேற்பு நாடகம் தயாரித்திருக்கும். முந்தின நாள் பள்ளியிலிருந்து அழைப்பு வரும்: "ஒரு வகுப்புக்கு மட்டும் என்றால் மற்றப் பெற்றோர் கேட்பார்கள். ஆறிலிருந்து பத்து வரை எல்லாரையும் உட்காரவைத்துவிடுகிறோம்." குழுவும் மகிழ்ந்துபோய்ச் சரி என்கிறது. அறிக்கையில் 'பயனடைந்த மாணவர்கள் 400' என்று எழுதலாம் அல்லவா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970களில் உருவாக்கிய ஃபோரம் தியேட்டரை எடுத்துக்கொள்வோம். நாடகம் ஒருமுறை முழுதாக நடந்து, மோசமாக முடியும். மறுபடி தொடங்கும்போது பார்ப்பவர் யாராவது "நிறுத்து" என்று சொல்லிவிட்டு, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் வந்து நின்று வேறொரு வழியை முயன்று பார்ப்பார். நடுவில் நின்று இதை நடத்துபவர் ஜோக்கர். நிறுத்துவது, வருவது, நடிப்பது, 'இது நிஜத்தில் நடக்குமா?' என்று எல்லாரும் பேசுவது என ஒரு தலையீட்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும். நாற்பது நிமிடத்தில் எட்டுப் பேர். நாற்பது பேரில் எட்டு என்றால் ஐந்தில் ஒருவர். நானூறில் எட்டு என்றால் நூற்றுக்கு இரண்டு. அந்த இரண்டும் எப்போதும் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கும் பிள்ளைகளாகவே இருக்கும். எந்தப் பிள்ளையை நினைத்து நாடகம் எழுதப்பட்டதோ, அது பதினோராவது வரிசையில் தூண் மறைவில் இருக்கும்.

அடுத்தது பார்வை. தரையில் உட்கார்ந்த கூட்டத்தில் நான்காம் வரிசைக்குப் பின்னால் இருப்பவருக்கு நடிகரின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கதையின் திருப்பம் தரையில் விழுந்த கடிதம் என்றால் தொலைந்தது. தெரியாத பிள்ளை முட்டிபோட்டு எழும், பின்னால் சலசலப்பு வரும், ஆசிரியர்கள் வரிசைக்குள் புகுந்து அதட்டுவார்கள். ஒடுக்குமுறை பற்றிய நாடகத்துக்குப் பக்கத்திலேயே அதன் செயல்விளக்கமும் நடந்துகொண்டிருக்கும்.

பிறகு மைக் வரும். நடிகர்கள் நான்கு பேர், மைக் ஒன்று. அதைவிடப் பெரிய கேடு, தலையிட வரும் பிள்ளையிடம் மைக்கை நீட்டுவது. மைக் கைக்கு வந்ததும் பிள்ளை நடிப்பை விட்டுவிட்டு அறிவுரைக்குப் போய்விடும்: "நண்பர்களே, நாம் யாரையும் கேலி செய்யக் கூடாது." கைதட்டல். நாடகம் அங்கேயே செத்தது.

1965இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பெல்கிரேட் தியேட்டர் பள்ளிகளுக்கென்று தனிக் குழு அமைத்தபோது, நடிகரே ஆசிரியராகவும் இருந்து பிள்ளைகளோடு நெருங்கி வேலை செய்வதுதான் அதன் அடிப்படை. கூட்டம் பெருத்தால் அந்த நெருக்கம் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு சுமாரான மேடை நாடகம்.

என்ன செய்யலாம்? தேதி ஒத்துக்கொள்வதற்கு முன்பே கடிதத்தில் ஐந்து விஷயம் எழுதிவிடுங்கள்: எண்ணிக்கை 40, எப்படியும் 60க்கு மேல் இல்லை, வயது வித்தியாசம் இரண்டு ஆண்டுக்குள், தொடர்ந்து இரண்டு பாடவேளை, நடுவில் ஐந்து மீட்டர் சதுர வெற்றிடம் விடக்கூடிய அறை, வகுப்பாசிரியர் முழு நேரமும் உடன் இருப்பது. பிள்ளைகளை அரைவட்டமாக மூன்றே வரிசையில் உட்காரவையுங்கள். முதல் வரிசை தரையில், இரண்டாவது பெஞ்சில், மூன்றாவது மேசைமேல். எழுந்து வருவதற்கு நடுவில் ஒரு வழி விட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் பிள்ளை கை தூக்காது.

பள்ளி பிடிவாதம் பிடித்தால் ஒரு சமரசம் உண்டு. பங்கேற்பு இல்லாத பதினைந்து நிமிடக் காட்சியை எல்லாருக்கும் காட்டுங்கள். அது மேடைமேல், நின்றபடி, பெரிய அசைவுகளோடு இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு வகுப்பாகப் போய் வேலை செய்யுங்கள். நாள் போதாதென்றால் இரண்டு வகுப்போடு நிறுத்திக்கொண்டு, மற்ற ஆசிரியர்களுக்கு ஒரு மணிநேரம் பயிற்சி கொடுத்துவிட்டு வாருங்கள். தலைமையாசிரியரிடம் கலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை, கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவருடைய கவலை மற்றப் பெற்றோர் என்ன கேட்பார்கள் என்பது, அது நியாயமான கவலையும்தான்.

முதல் அரைமணியில் தனியாக நடிக்கவைப்பது

"யாராவது ஒருத்தர் வந்து கோபமாக நடிங்க பார்ப்போம்" என்றால் வகுப்பில் பாதி அன்றைக்கு முழுக்கச் சுருண்டுவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் செய்யட்டும், யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். பிறகு இரண்டிரண்டு பேராக. அதன்பின் பாதி வகுப்பு செய்ய, மறுபாதி பார்க்கட்டும். விளையாட்டின் விதி மூன்று வாக்கியத்துக்கு மேல் போனால் அந்த விளையாட்டையே மாற்றுங்கள்.

ஆசிரியரை வெளியே அனுப்புவது

வேண்டாம். நீங்கள் போனபின் அந்த வகுப்போடு இருக்கப்போவது அவர்தான்.

வேடத்தோடு வீட்டுக்கு அனுப்புவது

மிரட்டுபவனாக நடித்த பையனை அடுத்த வாரமும் பாத்திரத்தின் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். அதில் சிலர் சும்மா கிண்டலுக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் கொடுமைக்காரர் வேடத்தைப் பெரியவர் ஒருவரே செய்வது நல்லது. பிள்ளைகள்தான் செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஆளை மாற்றுங்கள். பாத்திரத்துக்கு ஒரு துண்டோ தொப்பியோ அடையாளமாக இருக்கட்டும். முடிந்ததும் அதைக் கழற்றிக் கீழே வைத்து, தன் பெயரைச் சொல்லி, தனக்கும் பாத்திரத்துக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். ஐந்து நிமிடம் போதும். மணி அடிக்கப்போகிறது என்றால் கடைசிக் காட்சியை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

வகுப்பு நடுவில் "உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்று கேட்கவே கூடாது. பாத்திரத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். அப்படியும் ஒரு பிள்ளை பிறகு தனியாக வந்து ஏதாவது சொல்லக்கூடும். அப்போது "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். கேட்டதைப் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே கொடுங்கள். அவர் யார் என்று நிகழ்ச்சிக்கு முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

"இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?"

இப்படிக் கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதில்தான் வரும். "அவள் எந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம்? திறந்திருந்தால் அடுத்த நிமிடம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டால் சண்டையே வரும். வரட்டும்.

சிறந்த நடிகர் பரிசு

கொடுக்காதீர்கள்.

அன்றே கருத்துப் படிவம் நீட்டுவது

கைதட்டிய கையோடு எழுதுவதில் "சூப்பர்" தவிர ஒன்றும் இருக்காது. மூன்று வாரம் கழித்து வகுப்பாசிரியரை அழைத்து, எந்தக் காட்சியைப் பற்றிப் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். எதுவும் பேசவில்லை என்றால் அதையும் எழுதி வையுங்கள்.