மீன் குடலின் பாக்டீரியா பட்டியல்: எங்கே ஏமாறுகிறோம்?

ஏரியிலோ ஆற்றிலோ இயற்கையாக வாழும் மீனின் குடலில் என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன என்று பட்டியல் எடுப்பது இன்று பெரிய காரியமல்ல. குடலை எடுத்து, டிஎன்ஏவைப் பிரித்து, எல்லாப் பாக்டீரியாவிலும் இருந்து, இனத்துக்கு இனம் சற்றே மாறுபடும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவின் ஒரு பகுதியைப் பெருக்கி, டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் (வரிசைப்படுத்தும்) கருவிக்கு அனுப்பினால் போதும். அந்தப் பட்டியல் எவற்றைப் பற்றியது என்பதுதான் கேள்வி. மீனோடு நிலையாக வாழ்பவையா, காலை இரையோடு உள்ளே போனவையா, மீன் செத்தபின் பெருகியவையா, ஆய்வகத்துக் குப்பியிலிருந்து வந்தவையா என்று கருவி பிரித்துச் சொல்லாது. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிக் கொடுத்துவிடும். இந்த ஆய்வுகள் கோட்டை விடும் இடம் பெரும்பாலும் கணினி அல்ல, ஆற்றங்கரை என்பது என் கருத்து.

கரையிலேயே கெட்டுப்போகும் மாதிரி

மாலையில் செவுள் வலையைக் கட்டிவிட்டுக் காலையில் போய் எடுப்பது மீன் ஆய்வில் பழகிப்போன முறை. நீளம் அளக்கவும் வயது பார்க்கவும் அது போதும். குடல் பாக்டீரியாவுக்கு ஆகாது. முன்னிரவில் மாட்டிய மீனும் விடியலில் மாட்டிய மீனும் ஒன்றல்ல. செத்த மீனின் செரிமான நொதிகள் குடல் சுவரையே கரைக்கத் தொடங்கும். ஏரோமோனாஸ் போல, ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரத் தெரிந்தவை பெருகும். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் வேகம் இன்னும் கூடும். பிறகு, ‘இந்த ஏரி மீன்களில் ஏரோமோனாஸ் அதிகம்’ என்று எழுதினால், அது ஏரியைப் பற்றிய செய்தியா, வலை கிடந்த நேரத்தைப் பற்றிய செய்தியா?

இதற்குப் பயந்து, மீனை உயிரோடு தொட்டியில் விட்டு ஆற அமர இரண்டு நாள் கழித்து அறுப்பவர்களும் உண்டு. அதற்குள் குடல் காலியாகிவிடும். பட்டினியும் பிடிபட்ட அதிர்ச்சியும் தொட்டி நீரும் தத்தம் வேலையைக் காட்டியிருக்கும். வலையை அடிக்கடி தூக்கிப் பார்த்து, உயிரோடு எடுத்து, மயக்க மருந்தை மிகையாகக் கொடுத்து முறைப்படி கொன்று, அங்கேயே குடலை எடுப்பதுதான் வழி. பிடித்த நேரத்தையும் அறுத்த நேரத்தையும் நீரின் வெப்பநிலையையும் ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அறுப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. மீனின் தோல் முழுக்கச் சளி. அந்தச் சளிக்கென்று தனி பாக்டீரியாக் கூட்டம் உண்டு. வயிற்றுப் பக்கத்தை எத்தனாலால் துடைத்து, மலவாயிலிருந்து தலைப்பக்கமாக ஒரு கத்தரியால் தோலைத் திறந்தபின், அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு கத்தரியை எடுக்க வேண்டும். நுனி சற்று ஆழமாக இறங்கினாலும் குடல் கிழிந்து, உள்ளிருப்பது வயிற்றறை முழுக்கப் பரவிவிடும். கெண்டை இனத்தில் இன்னொரு தொல்லை: கல்லீரலும் கணையமும் கலந்த திசு, குடல் மடிப்புகளுக்கு நடுவே புகுந்து சுற்றிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் குடல் அறும். முனை மழுங்கிய இடுக்கியால் மெல்லப் பிரித்து நீட்டி வைத்தால்தான் முன்குடல் எது, பின்குடல் எது என்றே தெரியும்.

அது தெரிந்தே ஆக வேண்டும். கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது, கெளுத்திக்கு உண்டு. கெண்டையின் முன்குடலையும் கெளுத்தியின் இரைப்பையையும் ‘முதல் பகுதி’ என்று ஒன்றாக வைத்து ஒப்பிட்டால், இரைப்பை அமிலம் செய்த வேலையை இன வேறுபாடு என்று எழுத நேரும். அதேபோல, குடலுக்குள் இருக்கும் இரைக்கூழில் வந்துபோகும் பாக்டீரியா அதிகம். சுவரை ஒட்டிய சளிப்படலத்தில் தங்கி வாழ்பவை அதிகம். எதை எடுத்தாலும் சரி, எல்லா மீனிலும் அதையே எடுக்க வேண்டும். எடுத்தது எது என்று சொல்லவும் வேண்டும். ‘குடல் மாதிரி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் கட்டுரைகளைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது.

பதப்படுத்துவதில் பாதியை உலர்பனியிலும் மீதியை எத்தனாலிலும் போட்டால், முறை வேறுபாடே முடிவாக வந்து நிற்கும். முழு மீனை அப்படியே எத்தனாலில் அமிழ்த்துவதும் வேண்டாம். திரவம் குடல்வரை ஊறுவதற்குள் உள்ளே மாற்றம் நடந்துவிடும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும் என்பதால் அதைத் தொடவே கூடாது.

பலர் மறந்துவிட்டு வருவது நீர். கடல்மீனைப் போல நன்னீர் மீன் நீரைக் குடித்துக்கொண்டே இருப்பதில்லை. என்றாலும் இரையோடு நீரும் சேறும் உள்ளே போகின்றன. அதே இடத்தில், அதே நாளில் நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, கொஞ்சம் அடிவண்டலும் எடுத்துக்கொண்டு வந்தால், மீனில் கண்டதில் எவ்வளவு சுற்றுப்புறத்திலும் இருக்கிறது என்று பார்க்கலாம். மீன் குடலையும் நீரையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில் இரண்டும் தெளிவாக வேறுபடுகின்றன. ஆனால் உங்கள் ஏரியில் அப்படித்தான் என்று நீரைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

குப்பியிலிருந்து வருபவை

2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சால்மொனெல்லா பொங்கோரி என்ற ஒரே பாக்டீரியாவின் தூய வளர்ப்பைப் படிப்படியாக நீர்க்கச் செய்து வரிசைப்படுத்தினார்கள். நீர்க்க நீர்க்க, அதில் இல்லவே இல்லாத பாக்டீரியாக்கள் தலைகாட்டின. கடைசிக் கட்டங்களில் அவையே பெரும்பான்மை ஆயின. டிஎன்ஏ பிரிக்கப் பயன்படும் பொருள்களிலேயே இருந்த மாசு அது. மீன் ஆய்வுக்கு இதன் பொருள் நேரடியானது. மீன்குஞ்சின் குடலிலும் இரையில்லாத குடலிலும் பாக்டீரியா குறைவு, ஆகவே மாசின் பங்கு அதிகம். காலிக் குடலில் பன்மை (பாக்டீரியா வகைகளின் பெருக்கம்) கூடியதாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குப்பியைத்தான். மாதிரி எதுவும் போடாத வெற்றுக் குழாயையும் மற்றவற்றோடு சேர்த்து எல்லாப் படிகளிலும் கொண்டுபோய் வரிசைப்படுத்த வேண்டும். செலவு என்று இதைக் கைவிடுவது கண்ணைக் கட்டிக்கொள்வதுதான்.

பாசி தின்னும் மீனில் வேறொரு பொறி. பாசியின் பசுங்கணிகத்திலும் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பு) 16எஸ் மரபணு இருக்கிறது, அது நீலப்பச்சை பாக்டீரியாவின் வழிவந்தது. வடிகட்டாமல் விட்டால் இரையின் பசுங்கணிகமே குடல் பாக்டீரியாவாகக் கணக்கில் ஏறிவிடும். இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) வரிசைகளையும் சேர்த்தே நீக்க வேண்டும்.

எண் கூடினால் நல்லதா?

கணக்கிடும் கட்டத்தில் அடிக்கடி கண்ணில் படுவது, மொத்தம் எத்தனை வகை இருக்கலாம் என்று மதிப்பிடும் சாவோ1 (Chao1) குறியீடு. ஒரே ஒருமுறை தென்பட்ட வரிசைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் அது, பார்க்கத் தவறியவற்றை மதிப்பிடுகிறது. வரிசைகளில் உள்ள பிழைகளைக் களையும் டாடா2 (DADA2) போன்ற மென்பொருள் அத்தகைய ஒற்றை வரிசைகளைப் பிழை என்று கருதி நீக்கிவிடுகிறது. நீக்கிய தரவில் சாவோ1 கணக்கிட்டால் எண் வரும், பொருள் வராது. 16எஸ் மரபணுவின் நகல்கள் சில பாக்டீரியாவில் ஒன்றிரண்டு, சிலவற்றில் பத்துக்கும் மேல். எனவே பட்டியலில் காணும் விழுக்காட்டை அப்படியே தலைக்கணக்காகப் படிக்கவும் கூடாது. ஒவ்வோர் ஆற்றிலும் ஒரே வலையில் ஒரே இடத்தில் பிடித்த இருபது மீன்களை வைத்து இரண்டு ஆறுகளை ஒப்பிட்டதாகச் சொல்வதும் இந்த ரகம்தான். அங்கே ஒவ்வொரு பக்கத்திலும் மீன்கள் இருபது, ஆறு ஒன்றே ஒன்று.

இவற்றைவிட ஆழமான தவறு, பன்மை கூடினால் மீன் நலமாக இருக்கிறது என்ற முன்முடிவு. நன்னீர் மீன்கள் பலவற்றில் செட்டோபாக்டீரியம் என்ற பேரினம் பெரும்பங்கு வகிக்கிறது. அதைச் சேர்ந்த செட்டோபாக்டீரியம் சோமெரே வைட்டமின் பி12 தயாரிக்கும். ஒரே பாக்டீரியா ஓங்கி நின்றால், பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு தாழும். அதைப் பார்த்து மீனுக்கு நோய் என்று சொல்ல முடியுமா?

உணவு பலவகைப்பட்டால் பாக்டீரியாவும் பலவகைப்படும் என்பதும் காதுக்கு இனிமையான ஊகம்தான். மூன்று முள் ஸ்டிக்கிள்பேக், பெர்ச் என்ற இரண்டு நன்னீர் மீன்களை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவு இதற்கு நேர்மாறு: பலவகை இரை தின்ற மீன்களில் பாக்டீரியாப் பன்மை குறைவாக இருந்தது.

கடைசியாக, பெயரைப் பார்த்து வேலையைச் சொல்லிவிடுவது. செல்லுலோஸைச் சிதைக்கும் பாக்டீரியாவின் உறவினம் ஒன்று பட்டியலில் தென்பட்டவுடன், மீன் அதன் உதவியால் நார்ச்சத்தைச் செரிக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். தென் அமெரிக்க ஆறுகளில் மரக்கட்டையைச் சுரண்டித் தின்னும் பனாக்கே கெளுத்தி இதற்கு நல்ல பாடம். அதன் குடலில் மரத்தூள் நிறைந்திருக்கும். பாக்டீரியாவின் துணையோடு மரத்தைச் செரித்து வாழ்கிறது என்றே பலர் கருதினார்கள். குடலின் அமைப்பு, நொதிகளின் அளவு, இரை கடந்துபோகும் வேகம் ஆகியவற்றை அளந்து பார்த்தபோது, மரம் பெரும்பாலும் செரிக்காமல் வேகமாக வெளியேறுவது தெரிந்தது. மரத்தோடு ஒட்டிவரும் மட்கிய பொருள்களே அதற்கு உணவு. இதைச் சொன்னது பாக்டீரியா பட்டியல் அல்ல, செரிமானத்தை நேரடியாக அளந்த சோதனைகள்.