பட்டறையோடு முடியாத வேலை: நிறுவல் கலையில் சிற்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிற்பம் பயின்றவர்கள், ஓர் இடத்தையே பல பொருட்களால் அமைத்துப் படைப்பாக்கும் நிறுவல் கலைக்கு (இன்ஸ்டலேஷன்) வரும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள். பட்டறையை விட்டு லாரி கிளம்பியதும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். கற்சிலைக்கு அது பொருந்தும்; பீடத்தில் யார் ஏற்றினாலும் சிலை அதே சிலைதான். நிறுவலில் பாதி வேலை காட்சி அறையிலும், இன்னொரு பெரும்பங்கு காகிதத்திலும் நடக்கிறது. நான் பார்த்த நஷ்டங்களில் பெரும்பாலானவை காகிதத்தில் கோட்டை விட்டதால் வந்தவை.

முதலில் எடை. கருங்கல் கன அடிக்குச் சுமார் 75 கிலோ. இரும்பு 220 கிலோ. குடியிருப்பு வீட்டின் மாடித் தளமோ சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ தாங்கும்படிதான் கணக்கிடப்படுகிறது. யாரோ குடியிருந்த பழைய பங்களாக்களே இன்று பல இடங்களில் கேலரிகள். தரைத்தளம் என்றால் கவலை குறைவு. மாடி என்றால், கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வரைபடத்தில் கையே வைக்காதீர்கள். தொங்கவிடும் வேலைகளைப் பற்றி நினைத்தாலே எனக்குப் பயம்; பொய்க்கூரையில் கொக்கி மாட்டும் துணிச்சல்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். காங்கிரீட் தளத்திலோ உத்தரத்திலோ ஆங்கர் போல்ட் அடிக்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் தொங்கவிடும் எண்ணத்தையே கைவிட்டு, தரையில் நிற்கும் இரும்புச் சட்டகம் செய்துகொள்ளுங்கள். வாசலின் அகலத்தை அளக்க மறந்து, பற்றவைத்ததை அறுத்து உள்ளே கொண்டுபோன கதைகள் ஊருக்கு ஒன்று உண்டு. அளவு நாடா விலை அதிகமில்லை.

பார்வையாளர் எட்ட நின்று ரசிப்பார் என்று நம்புவது அடுத்த தவறு. சிற்பி அனிஷ் கபூர் தரையில் வெட்டிய கருங்குழி, பார்ப்பவர் கண்ணுக்குத் தட்டையான கறுப்பு வட்டமாகவே தெரியும். 2018இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் ஒரு பார்வையாளர் அதற்குள் விழுந்தே விட்டார். 2010இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பரப்பிய, பீங்கானில் செய்த பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளின் மேல் மக்கள் நடக்கலாம் என்பதுதான் திட்டம்; கிளம்பிய தூசு உடல்நலத்துக்குக் கேடு என்று சில நாட்களிலேயே அதற்குத் தடை போட்டார்கள். கல்தூளும் சிமெண்டும் நமக்குப் பழகிப்போன சங்கதி. பார்க்க வரும் குழந்தைக்கு அப்படியில்லை.

அரங்கு தயாராக இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2022இல் டிசம்பர் 12 அன்று திறக்க வேண்டிய கொச்சி-முசிறி பினாலே என்ற கலைக் கண்காட்சியின் முக்கிய அரங்குகள் 23ஆம் தேதிதான் திறந்தன. நிறுவும் நாட்கள் நீண்டால் உதவியாளர்களின் கூலி, தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கேரளத்துக்கு அனுப்பும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் என்ற ஜிஎஸ்டி மின் ஆவணம் தேவை. விற்பனைக்கு அனுப்பவில்லை, காட்சிக்குப் போய்த் திரும்பி வரும் என்று டெலிவரி சலானில் தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் வழியில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரியிடம் கலை பற்றி விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

விற்பனையில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் 2019இல் சுவரில் டேப் வைத்து ஒட்டிய வாழைப்பழம், 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் வாங்கியவர் கைக்கு வந்த நிலையான சொத்து எது என்று பாருங்கள்: ஒரு சான்றிதழும், எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும். பழத்தை மாற்றிக்கொள்ளலாம். நம் சிற்பிகளோ ஆறு டன் இரும்பைக் கொடுத்துவிட்டு, ரசீதில் ‘சிற்பம் - 1’ என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை உறுப்புகள், எந்த இடைவெளி, எவ்வளவு வெளிச்சம், எது துருப்பிடிக்கலாம், எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது, பிரித்துப் பூட்டும்போது சிற்பி வர வேண்டுமா, வந்தால் கூலி என்ன, இவை எல்லாம் படங்களோடு எழுதப்பட வேண்டும். டியூப்லைட்டோ பழைய பெட்டி டிவியோ வைத்திருந்தால், அவை கடையில் கிடைக்காத காலத்தில் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று இருப்பவர்களுக்கு ஒரு வழக்கு. தில்லியில் அரசு மாநாட்டு அரங்கான விஞ்ஞான் பவனில் இருந்த, சிற்பி அமர்நாத் சேகலின் பிரம்மாண்ட வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1979இல் பெயர்க்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. அவர் வழக்காடினார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சியதைத் திருப்பித் தரவும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. படைப்பைச் சிதைக்கவிடாமல் தடுக்க, விற்ற பிறகும் படைப்பாளிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தரும் உரிமை அது. ஆனால் அதே பிரிவின் விளக்கக் குறிப்பைப் பலர் படிப்பதில்லை: படைப்பைக் காட்சிக்கு வைக்காததும், படைப்பாளிக்குத் திருப்தியாக வைக்காததும் மீறல் ஆகாது. சுவரோவியக்காரருக்கு இது சிறு சங்கடம். வைக்கும் விதமே படைப்பாக இருக்கும் நமக்குப் பெரிய ஓட்டை. ஒப்பந்தத்தால்தான் அடைக்க முடியும்.

முழுதாக விலைபோகாத வேலையை உடைத்து, துண்டு துண்டாக விற்கும் ஆசையும் வரும். அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வாடகை கட்ட வேண்டுமே. ஆனால் ஒரு துண்டு போனாலும் முழு நிறுவலை இனி விற்கவோ காட்டவோ முடியாது என்று தெரிந்து செய்யுங்கள். அதைவிட, கட்டடங்களையே துணியால் போர்த்திய கிறிஸ்டோ தம்பதி செய்ததுபோல முன்வரைபடங்களையும் சிறு மாதிரிகளையும் விற்பது நல்லது. அவர்கள் தங்கள் பிரம்மாண்டத் திட்டங்களுக்கான பணத்தையே அப்படித்தான் திரட்டினார்கள். கேலரியின் கமிஷன் விலையில் பாதிவரை போகலாம். பொருட்செலவையும் நிறுவும் செலவையும் கழித்த பிறகு கமிஷனைக் கணக்கிடச் சொல்லிப் பேசுங்கள். கேட்டால் ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

விற்காமல் திரும்பும் வண்டியின் வாடகையையும் மறக்காமல் பேசிவிடுங்கள். கண்காட்சிக்குப் போகும் டெம்போவுக்குப் பணம் தர எல்லோரும் முன்வருவார்கள். திரும்பி வரும்போதுதான் யாரும் போனை எடுப்பதில்லை.