மாத்திரை சாப்பிடுபவருக்கு உடம்பில் கொப்புளமா? உதட்டைப் பாருங்கள்

காய்ச்சலோடு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டால் நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு, 'அம்மை போட்டிருக்கு.' வேப்பிலை செருகி, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டிலேயே படுக்க வைத்துவிடுவார்கள். அது மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோலும் வாயும் கண்ணும் புண்ணாகி உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் பாதிப்பாக இருந்தால், அப்படிக் கழியும் இரண்டு மூன்று நாளே உயிரை எடுத்துவிடலாம்.

முதலில், மருந்து தொடங்கி எத்தனை நாள் என்று எண்ணுங்கள். உடனடி வகை மருந்து ஒவ்வாமை சில மணி நேரத்திலேயே அரிப்பும் தடிப்புமாகத் தெரிந்துவிடும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் பொதுவாக மருந்து தொடங்கிய 4 முதல் 28 நாளுக்குள் வருவது. 'ரெண்டு வாரமா சாப்பிடுற மாத்திரைதானே' என்று ஒதுக்கிவிடாதீர்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின், நரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமசெபைன், யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால், சல்ஃபா வகை கிருமிக்கொல்லி மருந்துகள் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை.

அடுத்து முகம். செல்போன் டார்ச்சை அடித்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். உதடு வெடித்து, ரத்தம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறதா? எச்சில் விழுங்க வலிக்கிறதா? கண் சிவந்து கூசுகிறதா? சிறுநீர் போகும்போது எரிகிறதா என்றும் கேளுங்கள். கூச்சத்தில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். காய்ச்சலும் தொண்டை வலியும் கண் எரிச்சலும் தடிப்புக்கு ஓரிரு நாள் முன்பே வந்துவிடுவதும் உண்டு.

அப்புறம் தோல். அரிப்பைவிட வலிதான் அதிகம். மாநிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. கருஞ்சிவப்பாக, நடுவில் கறுத்த புள்ளிகளாகத் தெரியும். முற்றினால் வெந்த உருளைக்கிழங்குத் தோல்போல உரியும். தேய்த்துப் பார்க்காதீர்கள், மஞ்சளும் பூசாதீர்கள்.

கொப்புளமே இல்லாமல் காய்ச்சல், முக வீக்கம், கழுத்தில் நெறிகட்டு, மஞ்சள் காமாலை என்று வருவது மருந்தால் வரும் வேறொரு வகைப் பாதிப்பு. அது மருந்து தொடங்கி 8 வாரம் வரைகூட வரலாம், ஈரலையே தாக்கும்.

இதில் எது தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல், அப்போதே 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் காத்திருப்பதும் ஆபத்து; மாற்று மருந்தை மருத்துவர் உடனே தர வேண்டும். கடந்த இரண்டு மாதத்தில் சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானதையும் சேர்த்து, பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

குணமான பிறகு அந்த மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி வைத்த விற்பனைப் பெயரை அல்ல, அட்டையில் அதன் அருகே இருக்கும் மூலப்பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். அதே மருந்து வேறு பெயரில் அடுத்த கடையில் கிடைக்கும்.